மூன்றாவது ஆண்டு யார் கையில்?

சாட்ஸ்வர்த், டர்பன்

அன்புள்ள மகளுக்கு,

அம்மா எழுதுவது. நீ அனுப்பிய ஸ்பெயின் கால்பந்துக் கிளப்பின் ஒப்பந்தத் தாள்களை முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை வாசித்து முடித்தேன். அப்பா சம்பளம் எழுதியிருந்த பக்கத்தை மட்டும் வாசித்து, யூரோவை ராண்டாகப் பெருக்கிப் பார்த்துவிட்டு, சாமி படத்துக்குக் கற்பூரம் காட்டப் போய்விட்டார். நான் அந்தப் பக்கத்தைக் கடைசியில்தான் பார்த்தேன். இதையெல்லாம் வாட்ஸ்அப்பில் சொன்னால், பயிற்சிக்கும் குளியலுக்கும் நடுவில் ஒரு பார்வை பார்த்துக் கட்டைவிரல் படத்தைப் போட்டு முடித்துவிடுவாய். தமிழ் என்றால் நீ எழுத்துக் கூட்டி நிதானமாகத்தான் வாசித்தாக வேண்டும். அதற்காகவே தமிழில் எழுதுகிறேன்.

ஸ்பெயினுக்குப் போகாதே என்று சொல்வதற்காக இதை எழுதவில்லை. 22 வயது முன்கள வீராங்கனை ஒருத்தியை அந்த லீகிலிருந்து கூப்பிடுகிறார்கள் என்றால் அது சாதாரண விஷயம் இல்லை என்பது எனக்குத் தெரியும். உன் சுவீடன் ஒப்பந்தம் இந்த ஆண்டு முடிவோடு தீர்கிறது. கடைசி ஆறு மாதத்துக்குள் வேறு கிளப்போடு பேசிக் கையொப்பம் போட உலகக் கால்பந்து அமைப்பான ஃபிஃபாவின் விதி இடம் தருகிறது. ஆகவே நீ யாருக்கும் துரோகம் செய்யவும் இல்லை. எனக்கு உறுத்துவது ஒரே ஒரு பிரிவு. இரண்டு ஆண்டு உறுதி, மூன்றாவது ஆண்டு கிளப்பின் விருப்பம், அதுவும் இரண்டாவது ஆண்டின் அதே சம்பளத்தில், என்று எழுதியிருக்கிறார்களே, அதுதான். நீ நன்றாக ஆடிப் பதினைந்து கோல் போட்டால் அவர்கள் ஒரு கடிதம் அனுப்பி உன்னை அதே காசுக்கு நிறுத்திக்கொள்ளலாம். உன் முழங்கால் போய்விட்டால் அந்தக் கடிதத்தை அனுப்பாமலே இருந்துவிடலாம். இரண்டு பக்கமும் முடிவு அவர்களுடையது. உனக்கு அந்த ஆண்டில் எந்த உரிமையும் இல்லை, கடமை மட்டும் இருக்கிறது.

அதை ஏன் கேட்கிறார்கள் என்பதையும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் உன் ஏஜென்ட் அதை "வழக்கமான பிரிவு" என்று சொல்லி நகர்ந்துவிட்டார் என்று நீ எழுதியிருந்தாய். ஒப்பந்தம் ஓடிக்கொண்டிருக்கும் வரைதான் ஒரு வீராங்கனையை விற்க முடியும். தீர்ந்துவிட்டால் அவள் சும்மா எழுந்து போய்விடுவாள். சாம்பியாவின் ரேச்சல் குண்டனாஞ்சியை எடுத்துக்கொள். கஜகஸ்தானில் ஆடி, அங்கிருந்து ஸ்பெயினின் ஐபார் கிளப்புக்கு வந்து, பிறகு மத்ரித் சி.எஃப்.எஃப். என்ற நடுத்தர கிளப்பில் கோலாகப் போட்டுக் குவித்த பெண். 2024 பிப்ரவரியில் அமெரிக்காவின் பே எஃப்.சி. அவளை வாங்கியபோது ஏறக்குறைய 7,35,000 யூரோ கைமாறியது. அன்றைக்குப் பெண்கள் கால்பந்தில் உலகத்திலேயே பெரிய தொகை அதுதான். மறு ஆண்டு சனவரியிலேயே இங்கிலாந்தின் செல்சி கிளப், நவோமி கிர்மாவுக்கு அதைவிட அதிகம் கொடுத்து அந்தச் சாதனையை முறித்தது. ஆப்பிரிக்காவிலிருந்து வரும் இளம் முன்கள வீராங்கனையை மலிவாக எடுத்து வைத்திருந்தால் நாளைக்கு இப்படி ஒரு விலை வரலாம் என்று ஸ்பெயினில் ஒவ்வொரு கிளப்பும் இப்போது கணக்குப் போடுகிறது. அதில் தப்பு இல்லை, அவர்கள் தொழில் அது. ஆனால் அந்தக் கணக்கில் உன் பங்கு எங்கே என்று கேட்பது உன் தொழில். மூன்றாவது ஆண்டு வேண்டுமென்றால் இருவர் சம்மதத்தோடு இருக்கட்டும், அல்லது சம்பளம் உயரட்டும், அல்லது வேறு கிளப் கட்டினால் உன்னை விட்டாக வேண்டிய விடுவிப்புத் தொகை ஒன்றைக் குறைவாக எழுதித் தரட்டும். நல்ல இடம் வந்தால் நீ போகக்கூடிய தொகையாக அது இருக்க வேண்டும்.

தையல் மிஷினில் உட்கார்ந்திருந்தவளுக்கு இதெல்லாம் எப்படித் தெரியும் என்று நீ கேட்கமாட்டாய், உன் ஏஜென்ட் கேட்பார். சொல். 1973 சனவரியில் டர்பன் செங்கல் ஆலையில் தொடங்கிய வேலைநிறுத்தம் நெசவாலைகளுக்குப் பரவியபோது உன் ஆயா ஒரு நெசவாலையில் இருந்தவர். நான் ஆலையில் ஷாப் ஸ்டூவர்டாக, அதாவது தொழிலாளர்களின் சங்கப் பிரதிநிதியாக இருந்து, வெளிநாட்டுத் துணி வந்து குவிந்து ஆலைகள் ஒவ்வொன்றாகக் கதவைச் சாத்திய காலத்தில், யாருக்கு எத்தனை வாரச் சம்பளம் தர வேண்டும் என்று முதலாளியின் வக்கீலோடு உட்கார்ந்து பேசியவள். வேலை நிறைய இருக்கும்போது "நீங்கள் எங்கள் குடும்பம்" என்பார்கள். ஆர்டர் குறைந்ததும் வேலை நேரத்தையும் கூலியையும் வெட்டி "ஷார்ட் டைம்" என்று அறிவிப்புப் பலகையில் ஒரு தாளை ஒட்டுவார்கள். உன் கிளப் அதிகாரி காணொளி அழைப்பில் "எங்கள் குடும்பத்துக்கு வருக" என்றாராமே. அன்பாகவே சொல்லியிருப்பார். தாளில் என்ன இருக்கிறது என்பதுதான் எனக்குக் கணக்கு.

தாளில் இன்னொன்றும் இருக்கிறது. ஊக்கத்தொகை கோலுக்கு மட்டும் என்று போட்டிருக்கிறார்கள். எத்தனை உருப்படி தைத்தாயோ அத்தனைக்குக் காசு என்று ஆலையில் ஒரு முறை உண்டே, அதே முறைதான் இது. அந்த முறையில் கழுத்துப் பட்டி தைப்பவளின் நுணுக்கத்துக்கு விலை கிடையாது, கடைசியில் பொத்தான் வைத்து அடுக்குபவளின் எண்ணிக்கை மட்டும் ஏறும். போன மாதம் உன் ஆட்டம் ஒன்றை இணையத்தில் பார்த்தேன். வலப் பக்கத்துப் பெண் கோல் முன்னால் பந்தைக் கிராஸ் போடத் தலையைக் குனிந்த அந்த நொடியில் நீ கோல்கீப்பருக்கு அந்தப் புறமாக இரண்டு எட்டு வைத்தாய். உன்னைக் காவல் காத்த தடுப்பாட்டக்காரி தன் எடையை அந்தப் பக்கம் மாற்றினாள். உடனே நீ அவள் முன்னாலே குறுக்கே வெட்டிப் பக்கத்துக் கம்பத்துக்கு ஓடினாய். இன்னொரு தடுப்பாட்டக்காரியும் உன் பின்னாலே இழுபட்டு வந்தாள். பந்து உன் காலைத் தாண்டிப் போயிற்று, பின்னால் காலியாகக் கிடந்த இடத்தில் உன் தோழி நின்று தட்டிவிட்டாள். கோல் அவள் பெயரில், பாஸ் இன்னொருத்தி பெயரில். உன் பெயர் அந்தக் கோலின் கணக்கில் எங்கேயும் இல்லை. அப்பா "அடடா, தவறவிட்டுவிட்டாளே" என்றார். நான் அவரிடம் அந்தப் பகுதியை மறுபடி ஓட்டிக் காட்டினேன். இந்த ஓட்டத்துக்குக் காசு வைக்காதவர்கள், நீ பந்தைத் தோழிக்குக் கொடுக்க வேண்டிய இடத்தில் தானே அடிக்கப் பார்க்கும்படி உன்னைப் பழக்கிவிடுவார்கள். ஆட்டம் தொடங்கும்போதே களத்தில் இருந்தால் இவ்வளவு, அணி வென்றால் இவ்வளவு, தேசிய அணிக்கு ஆடினால் இவ்வளவு என்று பிரித்துப் போடச் சொல்.

களத்தில் இருப்பது என்றதும் எனக்கு வரும் பெரிய கவலை, அந்த ஸ்பெயின் கிளப் ஒற்றை முன்கள வீராங்கனையோடு ஆடும் அணி என்பது. அந்த இடத்தில் ஏற்கெனவே ஒருத்தி இருக்கிறாள், அவள் ஒப்பந்தம் ஓடிக்கொண்டிருக்கிறது. சுவீடனில் பதினான்கு அணி, இருபத்தாறு ஆட்டம், நீ பெரும்பாலும் முதல் பதினொருவரில் நிற்கிறாய். அங்கே போய்க் கடைசிப் பத்து நிமிடம் ஓடினால், நம் நாட்டுப் பெண்கள் அணியான பன்யானா பன்யானாவுக்கு ஆள் எடுப்பவர்கள் கண்ணில் எப்படிப் படுவாய்? பயிற்சியாளரிடம் நேரடியாகக் கேள்: என்னை ஒன்பதாம் எண்ணாக, நடு முன்களத்துக்கு எடுக்கிறீர்களா, ஓரத்தில் ஓட விடுவதற்கா? அவர் நழுவினால் அதுவே பதில். நம் நாட்டு முன்கள வீராங்கனை தெம்பி கட்லானா 2018இல் ஆப்பிரிக்காவின் சிறந்த வீராங்கனையாகத் தேர்வானவர்; ஹூஸ்டன், பெய்ஜிங், லிஸ்பன், ஐபார், மத்ரித், லூயிவில், மெக்சிகோ என்று ஊர் ஊராகப் போனவர். அப்பா அதை நாடோடிப் பிழைப்பு என்கிறார். எனக்கு அப்படித் தோன்றவில்லை. ஆட இடம் கிடைக்கும் ஊருக்குப் போனார் என்றுதான் படுகிறது. பெரிய கிளப்பின் சட்டையைப் போட்டுக்கொண்டு பெஞ்சில் உட்கார்ந்திருக்கும் புகைப்படத்தை இங்கே கூடத்தில் மாட்டிவைக்க எனக்கு ஆசை இல்லை.

அதே கட்லானாவுக்கு 2022இல் மொராக்கோவில் நடந்த ஆப்பிரிக்கக் கோப்பையின்போது குதிகால் தசைநாண் அறுந்தது. அந்தக் கோப்பையை நம் பெண்கள் அவர் இல்லாமலே வென்றார்கள். இறுதியாட்டத்தில் இரண்டு கோலும் ஹில்டா மகாயாவுடையது. அடுத்த ஆண்டு உலகக் கோப்பையில் இத்தாலிக்கு எதிராகக் கடைசி நேரத்தில் கோல் அடித்து நம்மை நாக் அவுட்டுக்குக் கொண்டுபோனவர் அதே கட்லானாதான். திரும்பி வர முடியும் என்பதற்காக இதைச் சொல்கிறேன்; திரும்பி வரும் வரை யார் செலவு செய்தார்கள் என்று கேட்பதற்காகவும் சொல்கிறேன். முழங்காலின் உள் தசைநார் அறுவது ஆண்களைவிடப் பெண்களுக்குச் சில மடங்கு அதிகம் என்று மருத்துவர்கள் சொல்கிறார்கள். இங்கிலாந்தின் ஆர்சனல் கிளப்பில் பெத் மீடுக்கும் விவியான் மீடமாவுக்கும் 2022 முடிவில் ஒரு மாத இடைவெளியில் அது நடந்தது. இருவரும் முன்களத்தில் ஆடுபவர்கள், இருவருமே உலகக் கோப்பையை இழந்தார்கள். உன் தாளில், ஒப்பந்தக் காலத்தில் காயம் பட்டால் சம்பளம் உண்டு என்று இருக்கிறது. இரண்டாவது ஆண்டு முடியும் தறுவாயில் அறுந்தால்? ஒப்பந்தம் முடிந்துவிடும், நடக்கப் பழகுவதற்குள் நீ கிளப் இல்லாதவள். ஒப்பந்தக் காலத்தில் பட்ட காயத்துக்கு, ஒப்பந்தம் முடிந்த பிறகும் ஆடத் தகுதியாகும் வரை சிகிச்சைச் செலவு அவர்களுடையது என்று ஒரு வரி வேண்டும். எந்த மருத்துவரிடம் அறுவை செய்வது என்பதில் உன் வார்த்தைக்கும் இடம் வேண்டும்.

பூட்ஸ் விஷயம் சின்னதுதான், ஆனாலும் என் கண்ணுக்குத் தப்பவில்லை. குதிகால் வழுக்குகிறது என்று நீ இரண்டு சாக்ஸ் போடுகிறாய். ஆண் காலின் அச்சில் வார்த்ததைச் சிறிய அளவில் கொடுத்தால் அப்படித்தான் இருக்கும். 2023இல் நைக்கி பெண் காலுக்கென்றே ஒரு பூட்ஸ் கொண்டுவந்தது. அப்படிப்பட்டதைத் தேடிப் போட்டுப் பார். இலவசமாகக் கிடைக்கிறது என்று காலுக்குப் பொருந்தாத பூட்ஸுக்குக் கையொப்பம் போடாதே.

பெரியம்மா, கல்யாணம் எப்போது என்று ஞாயிறு தவறாமல் கேட்கிறாள். அவளுக்கு நான் பதில் சொல்லிக்கொள்கிறேன். ஆனால் பிள்ளைப்பேற்றுப் பிரிவு ஒப்பந்தத்தில் இருக்கிறதா என்று பார்த்தேன், இருக்கிறது. 2021 முதல் ஃபிஃபா விதியே குறைந்தது பதினான்கு வாரம், மூன்றில் இரண்டு பங்குச் சம்பளம் என்று சொல்கிறது. இது உனக்கு இப்போது சிரிப்பாக இருக்கும். சிரித்துவிட்டு அந்தப் பக்கத்தைப் பத்திரமாக வை.

இவ்வளவு கேட்டால் "இந்தப் பெண் பிரச்சினைக்காரி" என்று நினைப்பார்களோ என்று நீ தயங்குவாய். 2023 சூலையில், உலகக் கோப்பைக்குப் புறப்படும் முன், சம்பளமும் மைதானமும் சரியில்லை என்று பன்யானா வீராங்கனைகள் போட்ஸ்வானாவுக்கு எதிரான ஆட்டத்தில் இறங்க மறுத்தார்களே, அன்றைக்கு அப்பா "நாட்டின் மானம் போச்சு" என்று கத்தினார். அவசரமாகச் சேர்த்த அணி ஐந்து கோல் வாங்கியது. பிறகு மொட்செபே அறக்கட்டளை ஆறு மில்லியன் ராண்ட் தந்து பிரச்சினை தீர்ந்தது. அதே பெண்கள் சரியாக ஒரு மாதம் கழித்து வெலிங்டனில் இத்தாலியை 3-2 என்று வென்றபோது, இங்கே காலை வேளையில் நாற்காலியிலிருந்து துள்ளி எழுந்தவரும் உன் அப்பாதான். நீ போகப்போகும் ஸ்பெயினிலும் 2019இல் வீராங்கனைகள் ஒரு வார இறுதி முழுவதும் ஆடாமல் நின்றுதான் கூட்டு ஒப்பந்தத்தைப் பெற்றார்கள். 2023இல் மறுபடி முதல் வாரமே நிறுத்தி, 16,000 யூரோவாக இருந்த குறைந்தபட்ச ஆண்டுச் சம்பளத்தை 21,000க்கு ஏற்றினார்கள். உன் தாளில் இருக்கும் நல்ல பிரிவுகள் பாதி அவர்கள் வாங்கிக் கொடுத்தவை. கேட்பது அந்த ஊருக்குப் புதிது இல்லை.

ஆகவே ஏஜென்டிடம் வெள்ளிக்கிழமை பேசும்போது "எனக்குச் சம்மதம்" என்று வாயால்கூடச் சொல்லிவிடாதே. அவருக்குக் கூலி கிளப் தருகிறதா, நீ தருகிறாயா என்பதை முதலில் எழுத்தில் வாங்கு. பிறகு ஸ்பெயின் வீரர் சங்கமான ஏ.எஃப்.இ.யில் ஒப்பந்தத்தைக் காட்டி அபிப்பிராயம் கேள். மூன்றாவது ஆண்டையும் சிகிச்சை வரியையும் அவர்கள் மாற்றித் தந்தால், பெஞ்சு பற்றிய என் கவலையை நான் விழுங்கிக்கொண்டு உன்னை வழியனுப்புகிறேன். மாற்றாவிட்டால் சுவீடனில் இன்னும் ஓர் ஆண்டு, குறைந்த சம்பளத்தில், ஆட்டத்துக்கு ஆட்டம் களத்தில் நில் என்பதே என் தீர்மானமான கருத்து. குறைகிற பணத்துக்காக தொலைநிலைப் பல்கலைக்கழகமான யூனிசாவில் நிறுத்திவைத்த பாடங்களுக்குக் கட்டணம் கட்டாமல் விடாதே, அதை நாங்கள் பார்த்துக்கொள்கிறோம்.

புரட்டாசி விரதத்தைப் பற்றி எழுதச் சொல்லி அப்பா பக்கத்திலேயே நிற்கிறார். ஆட்டம் இருக்கும் வாரத்தில் பட்டினி வேண்டாம்; பருப்பு, தயிர், சோயா தாராளமாகச் சாப்பிடு, பிசியோ முட்டைதான் வேண்டும் என்றால் முட்டையும் சாப்பிடு. பெருமாளிடம் நான் பேசிக்கொள்கிறேன். திருத்திய தாள் வந்ததும் எல்லாப் பக்கத்தையும் எனக்கு அனுப்பு, சம்பளப் பக்கத்தை மட்டும் அப்பாவுக்குத் தனியாக அனுப்பிவிடு.

அன்புடன்,
அம்மா