உள்ளூர் உணவு, உள்ளூர் பீர் என்று விற்கப்பட்ட லாப்லாந்து நடைப்பயணம் குறித்த புகார்

பெறுநர்:
வாடிக்கையாளர் சேவைப் பிரிவு,
வட லாப்லாந்து நடைப்பயணத் திட்டம்

பொருள்: உணவுக்கான கூடுதல் கட்டணத்தைத் திருப்பித் தரவும், விளம்பரத்தைத் திருத்தவும் கோருதல்

அன்புடையீர்,

பின்லாந்தின் வடபகுதியான லாப்லாந்தில் உள்ள ஊர்ஹோ கெக்கோனென் தேசியப் பூங்காவுக்குச் செப்டம்பரில் நீங்கள் நடத்திய நடைப்பயணத்தில் நாங்கள் கலந்துகொண்டோம். பாதை, கூடாரம், வழிகாட்டி எதிலும் குறையில்லை. கீலொபாவில் தொடங்கி லூய்ரோ ஏரி வரை சென்ற வழியை நன்றாகவே தேர்ந்தெடுத்திருந்தீர்கள். எங்கள் புகார் சாப்பாட்டையும் பீரையும் பற்றியது. பயணக் கட்டணத்துக்கு மேல், "வடக்கின் உள்ளூர் உணவும் பீரும்" என்ற தலைப்பில் ஆளுக்கு 180 யூரோ தனியாக வாங்கினீர்கள். அந்தப் பணத்துக்கு எங்களுக்குக் கிடைத்தவற்றில் பெரும்பாலானவை வடக்கைச் சேர்ந்தவை அல்ல.

முதலில் பீர். லாப்லாந்தின் பீர் என்று நீங்கள் கொடுத்த கேன்கள் எல்லாம் லாப்பின் குல்தா. அந்தப் பீரின் மேல் எங்களுக்கு எந்தக் குறையும் இல்லை. ஆனால் லாப்லாந்தின் டோர்னியோ ஊரில் 1873-இல் தொடங்கிய அதன் ஆலை 2010-இல் மூடப்பட்டு, தயாரிப்பு தெற்கே லாஹ்திக்குப் போய்விட்டது. லாஹ்தி, ஹெல்சிங்கியிலிருந்து ஏறத்தாழ 100 கிலோமீட்டர் தூரத்தில் இருக்கிற ஊர். பெயரில் லாப்லாந்து இருந்தால் போதும் என்று நினைத்து வாங்கியிருக்கிறீர்கள். கேனின் பின்பக்கத்தைத் திருப்பிப் பார்த்திருந்தால் விஷயம் அங்கேயே முடிந்திருக்கும். உண்மையிலேயே வடக்கில் காய்ச்சும் சிறு ஆலைகள் இருக்கின்றன. ரோவனியேமியில் லாப்பின் பனிமோ இருக்கிறது, டோர்னியோவிலேயே மறுபடியும் ஒரு சிறு ஆலை வந்திருக்கிறது.

ஏன் அவற்றை வாங்கவில்லை என்று கேட்டபோது, நாங்கள் இறங்கிய இரவில் கடை கிடைக்கவில்லை என்று பதில் வந்தது. அது திட்டமிடலில் நேர்ந்த பிழை. பின்லாந்தில் கடைகள் மதுவைக் காலை 9 முதல் இரவு 9 வரைதான் விற்கலாம். அதற்குப் பிறகு கடை திறந்திருந்தாலும் பீர் அலமாரியைத் தொட முடியாது. அரசின் அல்கோ கடை சனிக்கிழமை மாலையே மூடிவிடும், ஞாயிறு திறப்பதே இல்லை. இவாலோ விமான நிலையத்தில் ஞாயிறு இரவு இறங்கும் குழுவுக்கு இந்த இரண்டு கதவும் சாத்தியிருக்கும் என்பது அட்டவணை போடும்போதே தெரிந்திருக்க வேண்டும். வெள்ளி அல்லது சனி காலையில் ஒருவர் வாங்கி வைத்தால் போதும். 2024 ஜூன் முதல், நொதித்துத் தயாரிக்கும் பானங்கள் 8 சதவீத ஆல்கஹால் வரை சாதாரண மளிகைக் கடையிலேயே விற்கப்படுகின்றன. ஆகவே நல்ல சிறு ஆலைப் பீருக்கு அல்கோவையே நம்பியிருக்க வேண்டிய நிலையும் இப்போது இல்லை.

இரண்டாவது குற்றம் சஹ்தி எனும் நாட்டுப் பீர். உங்கள் உணவுப் பட்டியலில் அது "லாப்லாந்தின் பாரம்பரியப் பானம்" என்று அச்சாகியிருக்கிறது. சஹ்தி தெற்கே இருக்கிற ஹாமே, சதகுந்தா பக்கத்துக் கிராமங்களின் பானம். லாப்லாந்துக்கும் அதற்கும் தொடர்பில்லை. மால்ட் கூழைச் சூடாக்கி, ஜூனிபர் கிளை பரப்பிய தொட்டியில் வடிகட்டி, பேக்கரி ஈஸ்ட் போட்டு நொதிக்க வைப்பார்கள். வடித்த சாற்றைப் பீர் போலக் கொதிக்க வைப்பதில்லை, கிருமி நீக்கமும் செய்வதில்லை. அதனால்தான் அது குளிரிலேயே இருக்க வேண்டும். சரியாக இருந்தால் வாழைப்பழ வாசனையும் மெல்லிய இனிப்பும் இருக்கும். நீங்கள் கொடுத்த பாட்டில்கள் தெற்கிலிருந்து வேனின் பின்பெட்டியில், ஹீட்டர் ஓடும் வண்டியில் வந்திருக்கின்றன. திறந்தபோது புளித்த காடி வாடை. மோசமான சஹ்தி என்று காய்ச்சியவரைக் குறை சொல்வது நியாயமில்லை. கெடுத்தது வண்டிப் பயணம்.

இனி ரெயின்டீர் கறி. எங்கள் வருத்தம் இதில்தான் அதிகம். வடக்கின் உணவில் இதைவிட எளிதாகவும் சிறப்பாகவும் செய்யக்கூடியது வேறில்லை. பொரோன்கேரிஸ்துஸ் (வதக்கி வேகவைத்த ரெயின்டீர் சீவல்) என்ற பெயரில் எங்கள் தட்டுக்கு வந்தது ரெயின்டீரே அல்ல. சமையலறையில் கிடந்த உறைகளின் படத்தை இணைத்திருக்கிறோம்: நியூசிலாந்துச் சிவப்பு மான். விலை குறைவு, வெட்டும் அதேபோல மெல்லிய சீவல், பனிப்பெட்டியில் பக்கத்திலேயே அடுக்கியிருப்பார்கள். வாங்குகிறவர் கண் தவறுவது எளிது என்று எங்களுக்கும் புரிகிறது. ஆனால் ரெயின்டீரை ஓட்டி மேய்க்கும் மண்ணில் நின்றுகொண்டு உலகின் மறுகோடியிலிருந்து வந்த மானைச் சாப்பிட நாங்கள் 180 யூரோ கொடுக்கவில்லை. ஐரோப்பிய ஒன்றியத்தின் பிறப்பிடப் பாதுகாப்பு முத்திரையோடு "லாப்பின் போரோன் லிஹா" (லாப்லாந்து ரெயின்டீர் இறைச்சி) என்ற பெயரில் இறைச்சி விற்கப்படுகிறது. அந்த முத்திரையைப் பார்த்து வாங்கச் சொன்னால் யாரும் ஏமாற மாட்டார்கள்.

செய்த விதமும் தவறு. சீவல்களை முழுக்க உருக விட்டு ஒரே நேரத்தில் சட்டியில் கொட்டியிருக்கிறார்கள். அப்போது கறி தன் நீரிலேயே வெந்து, சாம்பல் நிறமாகி, ரப்பர் போல இழுக்கும். சரியான முறை இது: ஆளுக்கு 150 முதல் 200 கிராம். அடி கனமான சட்டியில் வெண்ணெய் அல்லது ரெயின்டீர் கொழுப்பைச் சூடாக்கி, உறைந்த சீவல்களை அப்படியே, கொஞ்சம் கொஞ்சமாகப் போட வேண்டும். தண்ணீர் வற்றி, கறி ஓரங்களில் பழுப்பாகிற வரை பொறுக்க வேண்டும். பிறகு உப்பு, மிளகு, ஒரு தம்ளருக்குக் குறைவாகத் தண்ணீரோ லேசான பீரோ ஊற்றி, மூடி, சிறுதீயில் அரை மணி நேரம். வேறு மசாலா எதுவும் வேண்டாம். மசித்த உருளைக்கிழங்கும், சமைக்காமல் நசுக்கிச் சிறிது சர்க்கரை சேர்த்த லிங்கன்பெர்ரி எனும் புளிப்புக் காட்டுப்பழமும் கூட வர வேண்டும். அந்தப் புளிப்புதான் கறியைத் தூக்கி நிறுத்துகிறது. நீங்கள் வைத்தது கெட்டியான இனிப்பு ஜாம். செப்டம்பரில் கூடாரத்தைச் சுற்றியே லிங்கன்பெர்ரி பழுத்துக் கிடந்தது. பெர்ரி பறிக்க யாரிடமும் அனுமதி கேட்கத் தேவையில்லாத நாடு இது. உருளைக்கிழங்கும் சாதாரணத் தூள்தான். நடைப்பயணத்தின் நடுவில் தூளை ஏற்றுக்கொள்கிறோம், சுமை குறைவு. விடுதியில் இருந்த முதல் இரவும் கடைசி இரவும் லாப்பின் புய்குலா கிழங்கை வேக வைத்திருக்கலாம். சிறியது, நீளமானது, மஞ்சள் சதை, மாவுத்தன்மை அதிகம். சீக்கிரம் உடைந்துவிடும் என்பதால் தோலோடு, சிறுதீயில் வேகவைக்க வேண்டும்.

பெர்ரி என்றதும் இன்னொன்று. விளம்பரத்தில் "நடைவழியில் கிளவுட்பெர்ரி பறித்தல்" என்று படத்தோடு போட்டிருக்கிறீர்கள். வட லாப்லாந்தின் சதுப்புகளில் அது ஜூலைக் கடைசியிலிருந்து ஆகஸ்ட் நடுவரை பழுக்கும். செப்டம்பரில் இலைதான் இருக்கும். இலை நிறம் மாறும் பருவத்தையும் கிளவுட்பெர்ரியையும் ஒரே பயணத்தில் விற்க முடியாது. ஆகஸ்ட் குழுவுக்கு மட்டும் அந்த வரியை வையுங்கள்.

மீனும் அப்படித்தான். இனாரி ஏரி பக்கத்தில் இருக்க, நார்வேயின் பண்ணைச் சால்மனைப் பலகையில் அறைந்து தீயருகே வாட்டினீர்கள். ருசியாகத்தான் இருந்தது, அதை மறுக்கவில்லை. ஆனால் இந்த ஏரிகளின் மீன் சீகா எனும் வெள்ளை மீனும், ராவ்து எனும் குளிர்நீர் மீனும். சீகாவைப் பலகையில் வாட்டும்போது சால்மனுக்கு ஆகும் நேரத்தில் ஏறத்தாழப் பாதி போதும், சதை மெலிது, கொழுப்பும் குறைவு. ஒரு மணி நேரத்துக்கு முன்பே கல்லுப்பு தூவி வைத்து, பூர்ச்ச மரத்தின் தணலோடு கூடிய தீயில் வாட்டினால் போதும். ஊசியிலை மரக் கட்டை பொறி கக்கும், கசப்புப் புகை ஏறும். உப்பிட்டுப் பச்சையாகப் பரிமாறுவதாக இருந்தால், காட்டு மீனை முதலில் மைனஸ் 20 டிகிரியில் 24 மணி நேரம் உறைய வைக்க வேண்டும், புழு அபாயம் அப்போதுதான் நீங்கும். இதை உங்கள் சமையற்காரருக்கு எழுத்தில் கொடுங்கள்.

எங்களில் சைவம் சாப்பிடுபவர்கள் இருப்பதை முன்பதிவுப் படிவத்திலேயே எழுதியிருந்தோம். அவர்களுக்குத் தினமும் தக்காளிச் சாறு ஊற்றிய பாஸ்தா. வடக்கில் சைவமே இல்லை என்பது உண்மையல்ல. பார்லிக் கஞ்சியில் லிங்கன்பெர்ரி, வெண்ணெயில் வதக்கிய காட்டுக் காளான், புய்குலா கிழங்கு, கம்பு ரொட்டி எல்லாம் இருக்கின்றன. லெய்பாயூஸ்தோ எனும் சுட்ட பாலாடைக்கட்டியை வாணலியில் வாட்டி, காபியில் போட்டுச் சாப்பிடும் வழக்கம் இங்கே உண்டு. அதை வாங்கும்போது மட்டும் உறையைப் படிக்க வேண்டும். சிலவற்றில் பாலைத் திரிக்க விலங்கின் வயிற்று நொதியைச் சேர்ப்பார்கள், சுத்த சைவக்காரர்களுக்கு அது ஆகாது.

முதுகுச் சுமையில் இதையெல்லாம் எப்படிக் கொண்டுபோவது என்று கேட்பீர்கள். முழுவதும் முடியாதுதான். முதல் நாள் இரவுக்கு மட்டும் உறைந்த ரெயின்டீர் சீவலை நாலைந்து மடிப்புச் செய்தித்தாளில் சுற்றிப் பையின் நடுவில் வைத்தால், செப்டம்பர் குளிரில் மாலைவரை தாங்கும். மற்ற நாட்களுக்கு உலர்ந்த ரெயின்டீர் கறி: மார்ச், ஏப்ரலில் உப்பிட்டுக் கூரையடியில் தொங்கவிட்டு உலர்த்துவது, இரவில் உறையும், பகலில் காயும், ஈ இன்னும் வந்திருக்காது. மெல்லியதாகச் சீவி ரொட்டியோடும் சூப்பிலும் போடலாம். நீங்கள் தந்த இனிப்பூட்டிய மாட்டிறைச்சிப் பட்டைகளைவிட இது எவ்வளவோ மேல். பார்லி ரொட்டி மறுநாளே காய்ந்துவிடும், முதல் நாளிலேயே தீர்த்துவிட வேண்டும். கம்பு ரொட்டி பல நாள் தாங்கும்.

பீரைப் பொறுத்தவரை, தினமும் ஆளுக்கொரு கேன் என்பது தேவையில்லாத சுமை. 330 மில்லி கேன் ஒன்று 350 கிராமுக்கு நெருங்கும், 24 கேன் 8 கிலோவைத் தாண்டும். லூய்ரோ ஏரிக்கரையில் சவுனா எனும் நீராவிக் குளியலறை இருக்கிறது. அந்த ஒரு மாலைக்கு ஆளுக்கு ஒரு கேன், ஓடைத் தண்ணீரில் கல்லிடுக்கில் குளிரவைத்து, மற்றவை திரும்பி வந்த பிறகு. கண்ணாடி பாட்டில் வேண்டவே வேண்டாம். நீங்கள் காலிக் கேன்களை நசுக்கிக் குப்பைப் பையில் திணிக்கச் சொன்னீர்கள். நசுங்கிய கேனைக் கடையின் திரும்பப் பெறும் இயந்திரம் ஏற்காது. ஒவ்வொரு கேனுக்கும் கட்டிய 15 சென்ட் முன்பணமும் போயிற்று.

வழிகாட்டியை இதில் குற்றம் சொல்ல எங்களுக்கு மனமில்லை. அவருக்குத் தரப்பட்ட பட்டியலைத்தான் அவர் சமைத்தார். சீகா எங்கே கிடைக்கும் என்பது அவருக்கே நன்றாகத் தெரியும். அவரிடம் பொறுப்பைக் கொடுத்திருந்தாலே பாதி சரியாகியிருக்கும்.

எங்கள் கோரிக்கை: ஆளுக்கு 180 யூரோ கூடுதல் கட்டணத்தை முழுவதும் திருப்பித் தாருங்கள். சஹ்தி, கிளவுட்பெர்ரி பற்றிய வரிகளையும் லாப்லாந்து பீர் என்ற சொல்லையும் விளம்பரத்திலிருந்து நீக்குங்கள், அல்லது உண்மையாக்குங்கள். பின்லாந்தில் 2018 ஜூலையில் நடைமுறைக்கு வந்த பயணத் தொகுப்புச் சட்டத்தின்படி, வாக்களித்தபடி சேவை அமையாவிட்டால் விலைக் குறைப்புக் கேட்கும் உரிமை பயணிக்கு உண்டு. இரண்டு வாரத்துக்குள் எழுத்தில் பதில் வராவிட்டால், இதே கடிதத்தையும் இணைப்புகளையும் நுகர்வோர் தகராறு வாரியத்துக்கு அனுப்புவோம்.

இணைப்பு: கட்டண ரசீது, உணவுப் பட்டியலின் நகல், இறைச்சி உறைகளின் படங்கள், கேன்களின் பின்பக்கப் படங்கள்.

இப்படிக்கு,
செப்டம்பர் குழுவில் வந்த தமிழ்ப் பயணிகள்
ஹெல்சிங்கி