அடுத்த முறை எங்களுக்கு லிங்க் மட்டும் அனுப்பாதீர்கள்

பள்ளிகளை நிர்வகிப்பவர்களுக்கும், கால அட்டவணை போட்டுச் சுற்றறிக்கை அனுப்புபவர்களுக்கும்,

வணக்கம். நான் ஒரு கணித ஆசிரியை. 2020 மார்ச் 11 அன்று உலக சுகாதார நிறுவனம் கொரோனாவைப் பெருந்தொற்று என்று அறிவித்தது. சில நாட்களில் எங்கள் பள்ளியும் மூடப்பட்டது. அந்த வாரமே "திங்கட்கிழமை முதல் ஆன்லைன் வகுப்பு" என்று சுற்றறிக்கை வந்துவிட்டது. அந்த ஏப்ரலில் 190க்கும் மேற்பட்ட நாடுகளில் ஏறக்குறைய 160 கோடி மாணவர்களின் பள்ளி, கல்லூரிகள் மூடிக் கிடந்தன என்று யுனெஸ்கோ கணக்கிட்டது. இதற்கு யாரும் தயாராக இருந்திருக்க முடியாது. அதனால் முதல் மாதக் குழப்பத்துக்காக உங்களைக் குறை சொல்ல நான் வரவில்லை. குழப்பமெல்லாம் அடங்கிய பிறகும் நீங்கள் மாற்றாமலே விட்ட ஒன்றைப் பற்றித்தான் இந்த மடல்.

பள்ளியில் இருந்த கால அட்டவணையை அப்படியே தூக்கித் திரையில் வைத்தீர்கள். அதே 45 நிமிடப் பாடவேளை, அதே வரிசை, எனக்கு வாரத்துக்கு அதே 28 வகுப்புகள். இலவசக் கணக்கு என்பதால் 40 நிமிடத்தில் இணைப்பு அறுந்துவிடும், மறுபடி லிங்க் அனுப்ப வேண்டும், எல்லோரும் திரும்பி வருவதற்குள் அடுத்த பாடவேளை தொடங்கியிருக்கும். இதெல்லாம் பழகிவிட்டது. பழகாதது மாலையில் நிரப்ப வேண்டிய அந்தப் படிவம். 'இணைந்தவர்கள் எத்தனை பேர்?' என்ற ஒரே கேள்வி, ஆதாரத்துக்கு ஒரு ஸ்க்ரீன்ஷாட். என் ஏழாம் வகுப்பில் 38 பேர். 29 என்று எழுதுவேன், 31 என்று எழுதுவேன், எண் கூடினால் பாராட்டும் வரும். அந்த எண்ணை நானும் கொஞ்ச நாள் நம்பினேன்.

பின்னங்களைக் கூட்டும் பாடத்தை இரண்டு வாரம் நடத்தினேன். ஸ்க்ரீன் ஷேர் செய்து, படம் வரைந்து, மீச்சிறு பொது மடங்கு கண்டுபிடிப்பதை நான்கு விதமாகச் சொன்னேன். "புரிந்ததா?" என்று கேட்டால் சாட்டில் வரிசையாக "புரிந்தது டீச்சர்" வந்து விழும். கேமரா எல்லாம் அணைந்திருக்கும், எல்லோரும் மியூட். வகுப்பறையில் நான் இந்தக் கேள்வியைக் கேட்பதே இல்லை, பெஞ்சுகளுக்கு நடுவே நடந்துகொண்டே நோட்டைப் பார்ப்பேன். ஒரு பிள்ளை எந்த வரியில் பேனாவை நிறுத்துகிறது, எதை எழுதி எதை அடிக்கிறது என்பதைப் பார்த்தாலே எங்கே சிக்கியிருக்கிறது என்று தெரிந்துவிடும். கணிதம் கற்பிப்பதில் பாதி வேலை அங்கேதான் நடக்கிறது. வாட்ஸ்அப்பில் வரும் வீட்டுப்பாடப் போட்டோவில் விடை இருக்கும், அந்தத் தயக்கம் இருக்காது.

ஒரு பையன் பெயர் தினமும் திரையில் இருக்கும், கேள்வி கேட்டால் மட்டும் பதில் வராது. ஒரு நாள் மாலை அவன் அம்மாவின் எண்ணுக்கு அழைத்தேன். வீட்டில் ஒரே போன், அக்காவுக்கும் அதே நேரத்தில் வகுப்பு, இவன் உள்ளே நுழைந்து வருகையைப் பதிந்துவிட்டு அக்காவிடம் கொடுத்துவிடுகிறான். நான் திட்டவில்லை. "சரி, ஒரு கணக்கு போடலாமா? 1/2 + 1/3 எவ்வளவு?" என்றேன். "2/5 டீச்சர்." எப்படி என்று கேட்டேன். "மேல இருக்கிறதையும் கூட்டினேன், கீழ இருக்கிறதையும் கூட்டினேன்." ஒரு கயிற்றில் பாதி உன்னிடம் இருக்கிறது, மூன்றில் ஒரு பங்கையும் சேர்த்தால் பாதியைவிடக் கூடுமா, குறையுமா என்றேன். கூடும் என்றான். அப்படியானால் 2/5 பாதியைவிடப் பெரிதா, சிறிதா? கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. அப்புறம் மெதுவாக, "சின்னது டீச்சர்... அப்ப நான் போட்டது தப்பு" என்றான்.

பத்து நிமிடம்தான் ஆனது. அடுத்த வாரம் எல்லோரையும் அழைத்துப் பேசினேன். "புரிந்தது" என்று எழுதியவர்களில் பன்னிரண்டு பேர் அதே தவறைச் செய்துகொண்டிருந்தார்கள். அந்த இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை.

திரையே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. வகுப்பில் ஒருநாளும் கை தூக்காத ஒரு மாணவி, எனக்கு மட்டும் தெரியும்படி சாட்டில் நல்ல நல்ல கேள்விகளாகக் கேட்டாள், அந்தக் குரலை நான் வகுப்பறையில் தவறவிட்டிருக்கிறேன். ஆனால் திரைக்கு வரவே முடியாத பிள்ளைகள்? உலகம் முழுவதும் 3 முதல் 17 வயது வரை உள்ள பிள்ளைகளில் மூன்றில் இரண்டு பங்கினருக்கு, அதாவது 130 கோடிப் பேருக்கு, வீட்டில் இணைய வசதி இல்லை என்று 2020 டிசம்பரில் யுனிசெஃப்பும் சர்வதேசத் தொலைத்தொடர்பு ஒன்றியமும் சேர்ந்து சொன்னார்கள்.

போனில் பேசிக் கற்பிப்பது என் தனிப்பட்ட ஆசை மட்டுமல்ல. ஆப்பிரிக்க நாடான போட்ஸ்வானாவில் பள்ளிகள் மூடியிருந்தபோது ஏறக்குறைய 4,500 குடும்பங்களில் இதைச் சோதித்துப் பார்த்தார்கள். வாரம் ஒரு முறை குறுஞ்செய்தியில் கணக்கு அனுப்பி, அதோடு சுமார் 20 நிமிடம் போனில் பேசிய குடும்பங்களில் பிள்ளைகளின் அடிப்படைக் கணிதம் முன்னேறியது, வெறும் குறுஞ்செய்திக்கு அந்தப் பலன் இல்லை. சாதாரண போனே போதுமானதாக இருந்தது.

இப்போது என் கணக்கைப் பாருங்கள். ஓர் ஆசிரியருக்கு ஒரு வகுப்பு என்று பிரித்துக்கொண்டு 38 பேருடன் வாரம் 15 நிமிடம் பேசினால் 570 நிமிடம், ஒன்பதரை மணி நேரம். நீங்கள் எனக்குக் கொடுத்த 28 பாடவேளை 21 மணி நேரம். அதில் பாதியைக்கூட நான் கேட்கவில்லை. அந்த அழைப்புகளை நான் இரவு எட்டு மணிக்கு மேல், என் சொந்தப் பணத்தில், என் பிள்ளைகளின் நேரத்தில் செய்தேன், எந்தப் படிவத்திலும் அது வேலையாகப் பதிவாகவில்லை. அடுத்த முறை, அது நோயாக இருக்கலாம், வெள்ளமாக இருக்கலாம், பள்ளியை மூட நேர்ந்தால் அந்த ஒன்பதரை மணி நேரத்தைக் கால அட்டவணையிலேயே எழுதித் தாருங்கள், போன் செலவையும் பள்ளியே ஏற்கட்டும். மாலைப் படிவத்தில் 'இணைந்தவர்கள்' என்ற கட்டத்துக்குப் பக்கத்தில் இன்னொரு கட்டமும் வேண்டும்: 'இந்த வாரம் யாரிடம் இன்னும் பேசவில்லை?' அதில் எண்ணை அல்ல, பெயர்களை எழுதி அனுப்புகிறேன்.

இப்படிக்கு,
ஏழாம் வகுப்பு கணித ஆசிரியை