ஓஓக்காவுடன் ஓர் ஆண்டு: வாசகர் வட்டத்தின் ஆண்டறிக்கை

தலைவர் அவர்களுக்கும், செயற்குழு நண்பர்களுக்கும், வந்திருக்கும் உறுப்பினர்கள் எல்லோருக்கும் வணக்கம்.

ஒரு வருடம் முழுக்க ஒரே எழுத்தாளரைப் படிப்பது என்று சென்ற பொதுக்குழுவில் முடிவெடுத்தோம். ஜப்பானிய எழுத்தாளர் ஷோஹெய் ஓஓக்காவின் பெயரை முன்மொழிந்தவர், பள்ளியில் பிரெஞ்சு கற்பித்து ஓய்வுபெற்ற நம் மூத்த உறுப்பினர் அம்மா. "பிரெஞ்சு நாவலாசிரியர் ஸ்தாந்தாலைப் புதுச்சேரியில் நாம் பிரெஞ்சிலேயே படிக்கிறோம். அவரை ஜப்பானிய மொழிக்குக் கொண்டுபோன மனிதர், போருக்குப் போய்ச் சிறைப்பட்டுத் திரும்பி வந்து, அதைப் பற்றி எழுதியிருக்கிறார். அதையும்தான் பார்ப்போமே" என்றார். அவர் சொன்னது எவ்வளவு சரி என்பது இரண்டாவது கூட்டத்திலேயே தெரிந்துவிட்டது.

திட்டமிட்ட 12 கூட்டங்களில் 11 நடந்தன. நவம்பர் கூட்டம் மழையில் போயிற்று. சராசரியாக 20 பேர் வந்தார்கள்.

முதல் இரண்டு கூட்டங்கள் அவர் வாழ்க்கையைப் பற்றியவை. ஓஓக்கா 1909 மார்ச் 6 அன்று டோக்கியோவில் பிறந்தவர். 1928-ல் அவருக்கு வீட்டில் பிரெஞ்சுப் பாடம் சொல்லிக்கொடுக்க வந்தவர் ஹிதேயோ கொபயாஷி. பிற்காலத்தில் ஜப்பானின் தலைசிறந்த விமர்சகராகப் பேரெடுத்தவர். அவர் மூலமாகத்தான் கவிஞர் ச்சூயா நக்கஹாராவின் நட்பும் கிடைத்தது. முப்பது வயதில் இறந்துபோன அந்த நண்பரைப் பற்றி ஓஓக்கா வாழ்நாள் முழுக்க எழுதிக்கொண்டே இருந்தார். 1932-ல் கியோத்தோ பேரரசுப் பல்கலைக்கழகத்தில் பிரெஞ்சு இலக்கியப் படிப்பை முடித்தார். அடுத்த ஆண்டு ஸ்தாந்தாலின் 'பார்ம் மடாலயம்' நாவலைப் படித்தார். அப்புறம் ஸ்தாந்தால் அவரை விடவே இல்லை.

ஆனால் ஸ்தாந்தால் சோறு போடமாட்டார் அல்லவா? 1938-ல் கோபே நகரில், பிரெஞ்சுக்காரர்களும் ஜப்பானியரும் கூட்டாக நடத்திய ஆக்சிஜன் நிறுவனம் ஒன்றில் மொழிபெயர்ப்பாளராகச் சேர்ந்தார். அலுவலகக் காகிதங்களை மொழிபெயர்ப்பது பிழைப்பு; ஸ்தாந்தாலையும் அவரைப் பற்றிய பிரெஞ்சு விமர்சன நூல்களையும் மொழிபெயர்ப்பது விருப்பம். நோட்டரி அலுவலகத்தில் பத்திரங்களை மொழிபெயர்க்கும் நம் உறுப்பினர் ஒருவர், "இந்த ஆளை எனக்கு நன்றாகத் தெரியும்" என்றார். எல்லோரும் அவரைத் திரும்பிப் பார்த்தோம். ஒரு வார்த்தைக்கு இரண்டு பொருள் இருந்தால் பத்திரத்தில் என்ன ஆகும் என்று அவர் சொன்னதை, ஆண்டு முழுக்க நினைத்துக்கொண்டேன்.

1944-ல் ஓஓக்காவைப் படைக்கு அழைத்தார்கள். வயது 35, மனைவியும் இரண்டு குழந்தைகளும் இருந்தார்கள். பிலிப்பைன்ஸின் மிந்தோரோ தீவில் சங்கேதச் செய்திப் பிரிவில் போட்டார்கள். அமெரிக்கப் படை அந்தத் தீவில் டிசம்பர் 15 அன்று கரையிறங்கியது. அவருடைய பிரிவு மலைக்குள் ஓடியது. மலேரியா ஆளுக்கு ஆள் பரவிற்று. அவரும் படுத்தார். நடக்க முடியாதவராகத் தனியே விடப்பட்டுப் புதருக்குள் கிடந்தபோது நடந்ததுதான் 'கைதியின் குறிப்புகள்' நூலின் முதல் அத்தியாயம். 1948-ல் வெளிவந்து மறு ஆண்டு யோகோமிட்சு பரிசு பெற்ற இந்த நூலுக்கு மட்டும் மூன்று கூட்டங்கள் ஒதுக்கினோம். ஒதுக்கியது போதவில்லை.

எதிரில் ஓர் அமெரிக்க வீரன் வருகிறான். இருபது வயதிருக்கும். உயரமான பையன், சிவந்த கன்னங்கள். இவர் இருப்பது அவனுக்குத் தெரியாது. நிமிர்ந்தபடி நடந்து வருகிறான். இவர் கை, தன்னையறியாமல் துப்பாக்கியின் பாதுகாப்புக் கொக்கியை விடுவித்துவிடுகிறது. சுட்டால் தப்பாது. அந்த நேரத்தில் வேறு பக்கம் வெடிச்சத்தம் கேட்க, பையன் திரும்பி அந்தப் பக்கம் போய்விடுகிறான். நடந்தது அவ்வளவுதான். அதற்குப் பிறகு பக்கம் பக்கமாக, நான் ஏன் சுடவில்லை என்று தன்னையே விசாரிக்கிறார். மனித நேயமா? அப்படிச் சொல்லிக்கொள்ள ஆசைதான், ஆனால் உடனே சந்தேகப்படுகிறார். அவன் முகத்தின் இளமையா? தானும் ஒரு தகப்பன் என்பதாலா? எப்படியும் சாகப்போகிறோம், இன்னொருவனையும் ஏன் சாகடிக்க வேண்டும் என்ற அலுப்பா? ஒவ்வொரு காரணத்தையும் எடுத்து வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்துக் கீழே வைக்கிறார். நூலின் முகப்பில் அவர் வைத்திருப்பது பௌத்தத் துறவி ஷின்ரானின் வாக்கு: என் மனம் நல்லது என்பதால் நான் கொல்லாமல் இருக்கவில்லை.

இதைச் சத்தமாகப் படித்த நாளில் கூட்டம் முடிந்தும் யாரும் எழுந்திருக்கவில்லை. தகப்பனார் பிரெஞ்சுப் படையில் சொல்தாவாக இருந்து இந்தோசீனப் போருக்குப் போன ஒரு உறுப்பினர், "எங்கப்பா பென்ஷன் வாங்குகிற நாளில்கூட அதைப் பற்றி வாய் திறந்ததில்லை" என்று மட்டும் சொன்னார். நாங்கள் மேலே கேட்கவில்லை.

பையன் போன பிறகு ஓஓக்கா கைக்குண்டை வெடித்துச் சாக முயன்றார். குண்டு வெடிக்கவில்லை. துப்பாக்கியைக் காலால் இயக்கிப் பார்த்தார். அதுவும் நடக்கவில்லை. 1945 ஜனவரி 25 அன்று, நினைவில்லாமல் கிடந்தவரை அமெரிக்கர்கள் பிடித்தார்கள். லெய்த்தே தீவின் முகாமில் இருந்துவிட்டு அந்த ஆண்டு டிசம்பரில் ஊர் திரும்பினார்.

திரும்பி வந்த சில ஆண்டுகளிலேயே 'பார்ம் மடாலய'த்தை ஜப்பானிய மொழிக்குக் கொண்டுவந்தார். அந்த நாவலின் தொடக்கத்தில் ஃபப்ரீஸ் என்ற இளைஞன் வாட்டர்லூ போர்க்களத்தில் திரிகிறான். புகையும் சேறும் சத்தமும் தவிர எதுவும் விளங்கவில்லை. நான் பார்த்தது உண்மையான போர்தானா என்று பிற்பாடும் சந்தேகப்படுகிறான். பிரெஞ்சு ஆசிரியை அம்மா அந்தப் பக்கங்களைப் பிரெஞ்சில் படித்துக் காட்டினார். தளபதியின் கண்ணால் அல்லாமல், களத்தில் வழிதெரியாமல் நிற்பவன் கண்ணால் போரைச் சொல்வதை ஓஓக்கா ஸ்தாந்தாலிடம்தான் கற்றார் என்று நான் நம்புகிறேன். மிகையில்லாத அந்த நடையை வரிவரியாகத் தன் மொழியில் எழுதிப் பழகிய கைதான், தன் நெஞ்சைப் பற்றியும் பொய் சொல்ல மறுத்தது. நம் வட்டத்தில் சிலர் இதை ஏற்கவில்லை. பட்ட அனுபவமே போதும், ஸ்தாந்தால் எதற்கு என்றார்கள். அந்த விவாதம் இன்னும் முடியவில்லை.

'சமவெளித் தீ' நாவலுக்கு இரண்டு கூட்டங்கள். 1951-ம் ஆண்டின் யோமியூரி பரிசு பெற்றது. காசநோயாளியான தமூரா என்ற படைவீரனை, கன்னத்தில் அறைந்து ஆறு கிழங்கைக் கொடுத்து மருத்துவமனைக்குப் போகச் சொல்கிறார்கள். சாப்பாடு கொண்டுவராதவனுக்கு அங்கே இடமில்லை. அப்புறம் பட்டினி, மனிதன் மனிதனைத் தின்னும் இடம்வரை போகிறது. வலது கை கத்தியை எடுக்க, இடது கை அதன் மணிக்கட்டைப் பிடித்துத் தடுக்கும் இடத்தை மறக்க முடியாது. முதல் அத்தியாயத்தை ஆங்கிலம் வழியாகத் தமிழில் எழுதிப் பார்த்தோம். உருளைக்கிழங்கு என்று எழுதியிருந்ததை, ஜப்பானிய மொழி கற்ற நம் இளம் உறுப்பினர் நிறுத்தினார். ஜப்பானிய மூலத்தில் அந்தக் கிழங்கு, நீளமான பொருளை எண்ணும் சொல்லோடு வருகிறதாம். அப்படியானால் அது பிலிப்பைன்ஸில் கமோத்தே என்று சொல்லும் சர்க்கரைவள்ளி. ஒரு கிழங்குக்காக முக்கால் மணி நேரம் போயிற்று. மொழிபெயர்ப்பாளரைப் படிக்கிற ஆண்டில் அது சரியான செலவு. கோன் இச்சிகாவா 1959-ல் இந்த நாவலை வைத்து எடுத்த படத்தையும் பார்த்தோம்.

'முசாஷினோ சீமாட்டி' நாவலுக்கு ஒரு கூட்டம் போதுமானதாக இருந்தது. ஸ்தாந்தாலின் 'காதலைப் பற்றி' நூலில், காதலிப்பவர் மனத்தில் காதலி அழகு கூடுவதற்கு உவமையாக, சால்ஸ்பர்க் உப்புச் சுரங்கத்தில் போட்ட காய்ந்த குச்சி படிகம் பூத்து மின்னுவது வரும். அந்த நூலையும் ஓஓக்கா மொழிபெயர்த்தார் என்பது இந்த நாவலைப் படிக்கும்போது புரிகிறது.

கடைசிக் கூட்டங்கள் 'லெய்த்தே போர்க்குறிப்பு'க்கு. 1967 முதல் 1969 வரை இதழில் தொடராக வந்து, 1971-ல் நூலானது. லெய்த்தே தீவுக்கு அனுப்பப்பட்ட 80,000-க்கும் மேற்பட்ட ஜப்பானியப் படையினரில் திரும்பியவர்கள் மிகச் சிலரே. நூலை இறந்த வீரர்களுக்குக் காணிக்கையாக்கியிருக்கிறார். எந்தப் பிரிவு எந்த மேட்டில் என்ன செய்தது என்று, இரு தரப்பு ஆவணங்களையும் ஒப்பிட்டு எழுதுகிறார். 75 மில்லிமீட்டர் பீரங்கியின் சத்தத்தையும் துப்பாக்கியின் ஒலியையும் மறுபடி கேட்கச் செய்ய வேண்டும், செத்தவர்களுக்கு ஆறுதல் அது ஒன்றுதான் என்கிறார். அதே நூலில், மிகக் கொடுமையாகப் பாதிக்கப்பட்டவர்கள் பிலிப்பைன்ஸ் மக்களே என்றும் எழுத அவர் தயங்கவில்லை. இளம் உறுப்பினர் சில பக்கங்களை நிறுத்தி நிறுத்தித் தமிழில் சொன்னார். அவருக்கு வட்டத்தின் நன்றி.

அந்த 1971-லேயே ஜப்பான் கலைக் கழகம் அவரை உறுப்பினராக்க முன்வந்தது. போரில் கைதியானவன் என்ற காரணத்தைச் சொல்லி மறுத்துவிட்டார். 1988 டிசம்பர் 25 அன்று காலமானார்.

கணக்கு: சந்தாவும் நன்கொடையுமாக வரவு ரூ.18,400. நூல்கள், நகல், தேநீர், திரையிடல் எல்லாம் சேர்த்துச் செலவு ரூ.16,150. கையிருப்பு ரூ.2,250. நாம் மொழிபெயர்த்த அத்தியாயம் தட்டச்சுப் பிரதியாக நூலக அலமாரியில் இருக்கிறது. உரிமை இன்னும் அவர் வாரிசுகளிடம் இருப்பதால் அதை அச்சிடவோ வெளியே பகிரவோ வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன். அனுமதி கேட்டுக் கடிதம் எழுதலாமா என்பதை இந்தக் கூட்டம் முடிவு செய்ய வேண்டும்.

அறிக்கையையும் கணக்கையும் ஏற்றுக்கொள்ளுமாறு பொதுக்குழுவை வேண்டுகிறேன்.

செயலாளர்