இப்ப உள்ள அளவு

மக்களே,

"கல்யாணத்துக்கு வரல்ல, எல்லாரும் நான் தடிச்சதைத்தான் பேசுவாங்க" என்று சொல்லி நேற்று போனை வைத்துவிட்டாய். ராத்திரி எனக்கு உறக்கமே வரவில்லை. நீ சொன்ன அந்த "எல்லாரும்" என்பதில் முதல் ஆள் நான்தான். குழித்துறை ஸ்டேஷனில் நீ இறங்கும்போதெல்லாம், கையிலிருந்த பையை வாங்குவதற்கு முன்பே "தடிச்சுப் போனியே", "கறுத்துப் போனியே" என்றுதான் என் வாயில் வந்திருக்கிறது. பத்தாம் வகுப்பில் நீ வாலிபால் ஆடப் போனதை, வெயில் பட்டுக் கறுத்துவிடுவாய் என்று நிறுத்தியதும் நான்தான். என்னை மன்னித்துவிடு மக்களே.

என் பாட்டியின் காதை உனக்குத் தெரியாது. சின்ன வயதில் அவள் மடியில் கிடந்து காது மடலைத் தடவுவேன். அடியில் நூல் ஒட்டினது போல ஒரு தழும்பு இருக்கும். கைக்குழந்தையிலேயே காது குத்தி, பஞ்சுத் திரி செருகி, அப்புறம் ஈயக் குணுக்கு மாட்டி, தோளைத் தொடுகிற அளவுக்கு வளர்த்தார்களாம். பாம்படம் என்ற கனத்த காதணி தொங்காத பெண்ணை யாரும் பெண் கேட்டு வரமாட்டார்கள் என்ற காலம். பிறகு பிள்ளைகள் பள்ளிக்கூடம் போய்ப் பெரியவர்களானதும் அதே காதைப் பார்த்துச் சிரித்தார்கள். என் அப்பாவின் கல்யாணத்துக்கு முன்னால் பாட்டி ஆஸ்பத்திரிக்குப் போய் அதை அறுத்துத் தைத்துக்கொண்டாள். "இழுத்தப்பவும் வலிச்சுது, அறுத்தப்பவும் வலிச்சுது" என்று தழும்பைத் தொட்டுக்கொண்டே சொல்லுவாள். அந்தக் காதுக்கு ஒரு நோயும் இருந்ததில்லை.

அவளுக்கும் முந்தினவர்கள் பாடு இதைவிடக் கொடுமை. இந்த மண் திருவிதாங்கூராக இருந்தபோது, மார்பை மறைத்துக்கொண்டு சந்தைக்குப் போன நாடார் பெண்களின் தோள்சீலையை மேல்ஜாதிக்காரர்கள் கிழித்தெறிந்தார்கள். கல்குளம், இரணியல் பக்கமெல்லாம் கலவரம். 1859 ஜூலை 26-ல்தான் உத்திரம் திருநாள் மகாராஜாவின் பிரகடனம் வந்தது. குப்பாயம் என்ற ரவிக்கை போட்டுக்கொள்ளலாம், மீன்பிடிக்கிற முக்குவப் பெண்களைப் போல முரட்டுத் துணி கட்டிக்கொள்ளலாம். ஆனால் மேல்ஜாதிப் பெண்களைப் போல மட்டும் உடுத்தக் கூடாது. அனுமதி கொடுக்கும்போதும் அந்தக் கோட்டை அழிக்க மனசு வரவில்லை.

உயரத்துக்கு ஏற்ற எடையா என்று பார்க்கிற பி.எம்.ஐ கணக்கில் உன் ஃபோன் 26 காட்டிற்று என்று அழுதாயே. அந்தக் கணக்கை 1830-களில் போட்டவர் அடால்ஃப் கெட்லே என்ற பெல்ஜியத்துக் கணித அறிஞர். சராசரி மனிதன் எப்படி இருப்பான் என்று அறியப் போட்டது. அவர் வைத்தியர் இல்லை. பி.எம்.ஐ என்ற பெயரே 1972-ல்தான் வந்தது. அதற்காக அதைத் தூக்கி எறியச் சொல்லவில்லை. நம்மைப் போன்ற ஆசியர்கள் 23-லிருந்தே கவனமாக இருக்க வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. மற்றவர்களைவிடக் குறைந்த எடையிலேயே நமக்குச் சர்க்கரை வந்துவிடுகிறது. உன் அப்பாவை நினைத்துப் பார். ஒல்லியான ஆள். "நல்ல உடம்பு" என்று ஊரே சொல்லும். 44 வயதில் சர்க்கரை. ஒல்லியாக இருக்கிறார் என்றே நாங்கள் யாரும் அதுவரை ஒரு டெஸ்ட்டும் எடுக்கவில்லை.

அதனால் இந்த வாரமே சர்க்கரை, தைராய்டு, ரத்தத்தின் அளவு மூன்றையும் பார்த்துவிடு. மாதவிலக்கு தள்ளிப் போகிறதா என்றும் டாக்டரிடம் மறைக்காமல் சொல். ராத்திரிச் சாப்பாட்டை விடாதே. வெறும் வயிற்றோடு வேலை செய்துவிட்டு ரெண்டு மணிக்கு உறங்கினால் எந்த உடம்பு தாங்கும்?

கல்யாணத்துக்கு ரெண்டு நாள் முன்னாலேயே வா. மரச்சீனியும் சாளைக் கறியும் வைக்கிறேன். ஸ்டேஷனில் நான் உன் உடம்பைப் பற்றி ஒரு வார்த்தை பேசமாட்டேன். உன் பெரியம்மை பேசினால் அவளுக்கு நான் பதில் சொல்லிக்கொள்கிறேன்.

பச்சைப் பட்டுக்கு ஜாக்கெட் தைக்கத் தையல்காரி அளவு கேட்கிறாள். போன வருஷத்து ஜாக்கெட் அலமாரியில் இருக்கிறது, அதைக் கொடுக்கப் போவதில்லை. இப்ப உள்ள அளவை எடுத்து அனுப்பு.

அம்மா