பயண விதியை இறுதிவரை படித்தவருக்கும் மற்ற அனைவருக்கும்

அன்புடையீர்,

அப்பாவின் காரியம் நேற்று முடிந்தது. நடந்தவை அனைத்தும் உங்களுக்குத் தெரியும். அவற்றை வரிசைப்படுத்தி எழுதும் திடம் எனக்கு இன்னும் வரவில்லை. கடைசியாக ஒருமுறை அவருடைய முகத்தைப் பார்க்கவும், மகன் செய்ய வேண்டியவற்றை நானே செய்யவும் எனக்கு வாய்த்தது. கொரோனா பரவிய இந்த ஓராண்டில் எத்தனையோ பேருக்கு அது வாய்க்கவில்லை என்பதை அறிந்திருப்பதால், அதற்கு வழிசெய்தவர்களுக்கு நன்றி சொல்வதைத் தள்ளிப்போட மனம் வரவில்லை.

முதல் நன்றி, உங்களில் எவரும் அறியாத ஒருவருக்கு. ஜெர்மனியில் நான் விமானம் ஏறிய நிலையத்தில், பயணிகளின் ஆவணங்களைச் சரிபார்க்கும் மேசையில் பணியில் இருந்த பெண்மணி அவர். அவருடைய பெயர் எனக்குத் தெரியும்; ஆனாலும் இங்கே எழுதப்போவதில்லை. அந்த நிறுவனத்தில் இதைப் பாராட்டுவார்களா, விளக்கம் கேட்பார்களா என்று என்னால் உறுதியாகச் சொல்ல முடியவில்லை.

2020 மார்ச் இறுதியில் வழக்கமான பன்னாட்டு விமானங்களை இந்தியா நிறுத்தியதிலிருந்து, இரு நாடுகளுக்கிடையிலான தனி ஒப்பந்தங்களின்படி இயங்கும் சில விமானங்களே நமக்கு இருந்தன. ஒன்றைத் தவறவிட்டால் அடுத்த இருக்கை எப்போது கிடைக்கும் என்று யாராலும் சொல்ல முடியாது. கிடைத்த இருக்கை மறுநாளுக்கானது; கொரோனா பரிசோதனைக்கு மாதிரி கொடுத்திருந்தேன், முடிவோ விமானம் புறப்பட்ட பிறகுதான் வரும் என்றார்கள். 2021 பிப்ரவரி 22 முதல் நடப்புக்கு வந்த இந்திய விதிமுறையின்படி, பயணத்துக்கு முந்தைய 72 மணி நேரத்துக்குள் எடுத்த ஆர்டி-பிசிஆர் சோதனையில் தொற்று இல்லை என்ற சான்று வேண்டியிருந்தது. குடும்பத்தில் மரணம் நேர்ந்து வருபவர்களுக்கு மட்டும் அதில் விலக்கு இருந்தது. ஆனால் அந்த விலக்குக்கும் விமானம் ஏறுவதற்குக் குறைந்தது 72 மணி நேரம் முன்னதாகவே இந்தியா வரும் பயணிகளுக்கான ஏர் சுவிதா என்ற இணையதளத்தில் விண்ணப்பித்திருக்க வேண்டியிருந்தது. மரணம் அப்படி முன்கூட்டித் தகவல் தந்துவிட்டு வருவதில்லை என்பதை விதி எழுதியவர்களும் அறிந்திருப்பார்கள். படிவங்களுக்குரிய பொதுவான காலக்கெடு இதற்கும் சேர்ந்து வந்துவிட்டது போலும். தம்பி அனுப்பிய மருத்துவமனைச் சான்றை இணைத்து இரவே விண்ணப்பித்திருந்தேன். விமான நிலையத்துக்குள் நுழைந்தபோதும் பதில் வந்திருக்கவில்லை.

வரிசையில் முதலில் என்னைப் பார்த்த ஊழியர், சான்று இல்லையென்றால் பயணம் இல்லை என்று சொல்லி அடுத்தவரை அழைத்துவிட்டார். அவரைக் குறை கூற எனக்கு மனமில்லை. உரிய ஆவணம் இல்லாதவரை ஏற்றிச் சென்றால் அவரைத் திருப்பிக் கொண்டுவர வேண்டிய பொறுப்பு விமான நிறுவனத்துடையது; பல நாடுகளில் அபராதமும் கட்ட நேரும். அந்தச் சுமையெல்லாம் கடைசியில் வந்து இறங்குவது மேசையில் நிற்கும் ஊழியரின் தலையில்தான். ஒவ்வொரு நாட்டின் நுழைவு விதிகளையும் தொகுத்துக் காட்டும் டைமேட்டிக் என்ற தரவுத்தளத்தை அவர்கள் திரையில் பார்த்துத்தான் முடிவெடுக்கிறார்கள். பெருந்தொற்றுக் காலத்தில் அது ஓயாமல் திருத்தப்பட்டுக்கொண்டிருந்தது. நேற்றுப் படித்தது இன்று செல்லாது என்ற நிலையில், மறுப்பதுதான் எவருக்கும் பாதுகாப்பான பதில்.

ஓரமாக நின்றிருந்த என்னைப் பக்கத்து மேசையிலிருந்த அந்தப் பெண்மணி அழைத்தார். காரணத்தைக் கேட்டார், சொன்னேன். வருத்தம் தெரிவித்துவிட்டு, வேறெதுவும் பேசாமல் தன் கணினித் திரையை என் பக்கம் திருப்பினார். இந்தியா என்ற தலைப்பின் கீழிருந்த பத்திகளை முதல் வரியிலிருந்து விரலால் தொட்டுத் தொட்டுப் படித்துக்கொண்டே வந்தார். நானும் உடன் படித்தேன். விலக்கு பற்றிய வரி வந்ததும் நிறுத்தி, விண்ணப்பித்தாயிற்றா என்று கேட்டார். விண்ணப்ப எண்ணைக் காட்டினேன். காலக்கெடுவைத் தாண்டி வந்த விண்ணப்பத்தை ஏற்பதா வேண்டாமா என்று தீர்மானிக்க வேண்டியவர்கள் இந்தியாவில் இருக்கிறார்கள் என்றும், அவர்கள் மறுக்கும் முன்பே தான் மறுப்பது முறையாகாது என்றும் அவர் சொன்னார். பதிவு மேசை மூடும் கடைசி நிமிடம் வரை என் இருக்கையை வேறொருவருக்கு மாற்றுவதில்லை என்று மேலதிகாரியிடம் பேசி ஒப்புதல் பெற்றார். என்னை அருகிலேயே ஒரு நாற்காலியில் உட்காரச் சொல்லிவிட்டு, ஒவ்வொரு பயணியை அனுப்பிய பிறகும் என்னைத் திரும்பிப் பார்த்தார். நான் இல்லை என்று தலையசைப்பேன்; அவர் அடுத்தவரின் கடவுச்சீட்டை வாங்குவார்.

அனுமதி வந்துவிட்டது. கைப்பேசியில் வந்த கடிதத்தைத் தன் மின்னஞ்சலுக்கு அனுப்பச் சொல்லி, இரண்டு படிகள் அச்சிட்டுக் கொடுத்து, தாளாகக் கையில் இருக்கட்டும், அங்கேயும் யாராவது முதல் வரியை மட்டும் படிக்கக்கூடும் என்றார். செய்தி வந்ததிலிருந்து இறுகிக் கிடந்தவன் அப்போதுதான் சிரித்தேன். சிரித்த கையோடு அழுதும்விட்டேன். முகக்கவசத்துக்கு மேலே தெரிந்த இரு கண்கள் தவிர அவருடைய முகம் எப்படியிருக்கும் என்று எனக்குத் தெரியாது.

இதை இத்தனை விரிவாக எழுதக் காரணம் உண்டு. அவர் எனக்காக எந்த விதியையும் மீறவில்லை, வளைக்கவும் இல்லை. இருந்த விதியைக் கடைசி வரிவரை படித்தார். நோயின் வேகத்தைத் தடுக்க எல்லைகளை மூடியது சரியா தவறா என்ற வாதத்தில் எனக்கு உறுதியான கருத்து இல்லை. எங்கள் வீட்டிலேயே நோயாளிகள் இருக்கிறார்கள், கட்டுப்பாடுகளால் அவர்கள் காக்கப்பட்டார்கள் என்றே நம்புகிறேன். ஆனால் அநேகமாக எல்லாக் கட்டுப்பாடுகளிலும், அதை எழுதியவர்களே இரக்கத்தோடு ஒரு சிறு கதவைத் திறந்து வைத்திருந்தார்கள்: மரணம், கடும் நோய், கருவுற்ற பெண், கைக்குழந்தை. அந்தக் கதவு எப்போதும் அறிக்கையின் கீழ்ப்பகுதியில் இருந்தது. அவசரத்திலும் அச்சத்திலும் அங்கே எவரும் போய்ச் சேராததால் திரும்பிச் சென்றவர்கள் எத்தனை பேரோ.

டெல்லியில் இறங்கியதும் என் மாதிரியை எடுத்துக்கொண்டு, அடுத்த விமானத்துக்கு நேரமாகிவிட்டது என்று வழிகாட்டி அனுப்பிய பாதுகாப்பு உடை அணிந்த இளைஞர்கள், தமிழ்நாட்டுக்குள் வருவதற்கான இ-பாஸ் என்ற இணையவழி அனுமதியை எனக்காக எடுத்து வைத்திருந்த மைத்துனர், சென்னையிலிருந்து வழியில் எங்கும் நிறுத்தாமல் ஓட்டிவந்த ஓட்டுநர் அண்ணன், நான் வரும்வரை அப்பாவை வைத்திருக்க வேண்டும் என்று எல்லோரிடமும் போராடிய தம்பி, அம்மாவை ஒரு கணமும் தனியே விடாத சித்தியும் அத்தையும், ஜெர்மனியில் என் மனைவிக்கும் குழந்தைகளுக்கும் முறைவைத்து வாசலில் உணவு வைத்துப்போன நண்பர்கள், கேட்காமலேயே என் வேலைகளைப் பகிர்ந்துகொண்ட அலுவலகத் தோழர்கள் ஆகிய அனைவருக்கும் என் நெஞ்சார்ந்த நன்றி. நேரில் வர இயலாமல் தொலைபேசியில் அழுதவர்களுக்கும் அதே நன்றி. வராதிருந்ததும் எங்கள் நலன் கருதித்தான் என்பதை அம்மா நன்றாகவே அறிவார்.

விரைவில் நான் திரும்ப வேண்டும். 2021 மார்ச் 30 முதல் ஜெர்மனிக்கு விமானத்தில் வருவோருக்குப் புறப்படுமுன் எடுத்த சோதனைச் சான்று கட்டாயமாக்கப்பட்டது. போகும்முன் இணையவழிப் பதிவும், போனபின் தனித்திருத்தலும் அப்போது இருந்தன. அவற்றுக்காக இரு நாடுகளின் அறிவிப்புகளையும் அச்சிட்டு வைத்து, நாள்தோறும் என்ன மாறியது என்று குறித்துவருகிறேன். உங்களில் எவருக்கேனும், அல்லது உங்களுக்குத் தெரிந்த எவருக்கேனும், இப்படி அவசரமாகப் புறப்பட வேண்டிய நிலை வந்தால் எந்த நேரமானாலும் என்னை அழையுங்கள். உங்களுக்குரிய அறிவிப்பை முழுவதும் படித்து, எந்தப் பத்தி பொருந்தும், என்ன தாள் வேண்டும் என்று சொல்கிறேன். விண்ணப்பத்தை நிரப்பித் தரவும் கூட இருப்பேன்.

நன்றியுடன்,
உங்கள் வீட்டுப் பிள்ளை