186 புள்ளி வித்தியாசம்

ஆசிரியருக்கு,

ஆஸ்திரேலிய விதிக் கால்பந்தில் ஓர் அணி படுமோசமாகத் தோற்றால், உடனே பயிற்சியாளரை மாற்றச் சொல்லிக் குரல் கிளம்பிவிடுகிறது. இது நியாயமே இல்லை.

2011 ஜூலை 30 அன்று கார்டினியா பார்க் மைதானத்தில் ஜீலாங் அணி 233 புள்ளி, மெல்பர்ன் அணி 47. கோலுக்கு 6 புள்ளி. ஜீலாங் அடித்தது 37 கோல், மீதி ஒற்றைப் புள்ளிகள். லீக் வரலாற்றில் இதைவிடப் பெரிய வெற்றி ஒன்றே ஒன்று, 1979இல் ஃபிட்ஸ்ராய் பெற்றது. அன்று 190 புள்ளியில் தோற்றதும் இதே மெல்பர்ன்தான். மறுநாளே பயிற்சியாளர் டீன் பெய்லியை நீக்கினார்கள். சரி, அதனால் என்ன மாறியது? 2013இல் எஸ்ஸெண்டனிடம் 148 புள்ளியில் தோல்வி. அப்புறம் பெய்லிக்குப் பின் வந்த பயிற்சியாளர் மார்க் நீல்டும் அதே ஆண்டு பாதியில் வெளியே.

ஜீலாங் 2011இல் கோப்பையையும் வென்றது. பல ஆண்டுகள் சேர்ந்து ஆடிப் பழகிய அணி அது. அப்படி ஓர் அணியை உருவாக்கி 2021இல் கோப்பையை வெல்ல மெல்பர்னுக்கு 10 ஆண்டுகள் ஆயின. இத்தகைய தோல்விகளைப் பற்றி எழுதும்போது பயிற்சியாளரோடு நிறுத்திவிடாமல், வீரர்களைத் தேர்ந்தெடுத்தவர்களையும் கிளப் நிர்வாகத்தையும் உங்கள் விளையாட்டுப் பக்கம் கேள்வி கேட்க வேண்டும்.

இப்படிக்கு,
ஒரு வாசகர், மெல்பர்ன்