கடைசி நாலு எண்

உ
சிவமயம்

பள்ளத்தூர்

சிரஞ்சீவி தம்பிக்கு அப்பச்சி எழுதுவது. நானும் ஆத்தாளும் நலம். அங்கே சிங்கப்பூரில் நீ சௌக்கியமாயிருக்கப் பிள்ளையார்பட்டியான் துணை.

நீ விட்டுப்போன லேப்டாப் திறக்க மாட்டேன் என்கிறது. போன தடவை பங்காளிகள் கூடி முன்னோருக்குப் போட்ட படைப்பின் கணக்கை முடித்து மூடி வைத்தது. இப்போது மாசிப் படைப்புக்குக் குடும்பத்துக்கு இவ்வளவு என்று புள்ளி வரி போட வேண்டும். முகப்பில் ஓடு மாற்றிய செலவு, எந்தப் பங்காளி எவ்வளவு பாக்கி, எல்லாம் அதற்குள்தான் கிடக்கிறது. பின் நம்பரைப் போட்டால் தப்பு என்கிறது. ஆத்தா பிறந்த வருஷம், நம் வீட்டு இலக்கம், தோன்றியதையெல்லாம் போட்டேன். ஒரு கட்டத்தில் ஏ1பி2சி3 என்று அடித்தால்தான் மேற்கொண்டு விடுவேன் என்றது. அடித்தேன். அதற்குப் பிறகும் தப்பாகப் போடவே, மிஷினையே அணைத்துவிட்டு வா என்று சொல்லிவிட்டது.

காரைக்குடியில் ஒரு கடைக்குத் தூக்கிப் போனேன். "ஃபார்மட் அடிச்சிரலாம் அய்யா, உள்ளே இருக்கிறது போயிரும், மிஷின் புதுசாயிரும்" என்றான் பையன். வேண்டாம் என்றேன். டிஸ்க்கைக் கழற்றி வேறொன்றில் மாட்டிப் பார்த்தான். பிட்லாக்கர் போட்டுப் பூட்டியிருக்கிறதாம், 48 இலக்கச் சாவி கேட்கிறது. அந்தச் சாவி உன் மைக்ரோசாஃப்ட் கணக்கில்தான் இருக்குமாம். அது இல்லாவிட்டால் செய்த கம்பெனிக்காரனாலும் திறக்க முடியாதாம். பெட்டகசாலை இரும்புப் பெட்டி எவ்வளவோ தேவலை, சாவி தொலைந்தபோது தேவகோட்டை ஆசாரி வந்து அரை நாளில் திறந்து கொடுத்துவிட்டுப் போனார்.

ஆக, எந்தப் பக்கம் போனாலும் உன்னிடம்தான் வந்து நிற்கிறது. பையன் திரும்ப மாட்டிக் கொடுத்து ஒரு வழி சொன்னான். பின் நம்பர் போடும் கட்டத்துக்குக் கீழே 'மறந்துவிட்டேன்' என்று ஒரு வரி இருக்கிறது. அதைத் தொட்டால் பாஸ்வேர்டு கேட்கிறது. அதுவும் தெரியாது என்றால் கணக்கில் பதிந்திருக்கும் செல்லுக்கு ஓடிபி அனுப்புகிறேன் என்கிறது. அனுப்புவதற்கு முன்னால் அந்த நம்பரின் கடைசி நாலு எண்ணை நம்மை அடிக்கச் சொல்கிறது. கடைசி ரெண்டை மட்டும் அதுவே காட்டுகிறது.

17 என்று காட்டுகிறது. எங்களிடம் இருக்கிற உன் நம்பர் 52ல் முடியும்.

ஆபீஸ் நம்பராக இருக்கும் என்று ஆத்தாளிடம் சொல்லி வைத்திருக்கிறேன். சரி என்றாள். சாயங்காலம் பார்த்தால் காலண்டர் அட்டையில் எழுதியிருக்கும் உன் நம்பரை விரல் வைத்து ஒவ்வொன்றாகப் படித்துக்கொண்டிருக்கிறாள். ஆபீஸ் நம்பர்தானே? ஒரு ஆளுக்கு இப்போது ரெண்டு நம்பர் சகஜம்தான். இங்கே பால்காரர்கூட ரெண்டு சிம் வைத்திருக்கிறார்.

பங்காளிகள் கூட்டத்தில் போன தடவை கணக்கை எக்செலில் காட்டினேன். கூட்டல் ஒரு பைசா பிசகவில்லை. யார் சொல்லிக் கொடுத்தது என்று கேட்டார்கள், என் மகன் என்றேன். அந்த மகன் இந்த வருஷம் பிள்ளையார் நோன்புக்கு ஒரு போன் போடவில்லை. 21 இழைத் திரியை மாவில் வைத்து ஏற்றி உன் பங்குக்கும் ஆத்தாளே எடுத்துக்கொண்டாள். 'ஹாப்பி நோன்பு' என்று மறுநாள் ஒரு மெசேஜ் வந்தது. வந்ததே பெரிது. டேங்க் ரோடு தண்டாயுதபாணி கோயிலுக்காவது போகிறாயா? 1859ல் நம்மவர்கள் கட்டினது. கையில் காசில்லாமல் கப்பலேறிப் போனவன்கூட அங்கே போய்த்தான் ஊர்க்காரனைப் பார்த்தான். வேலை இருக்கிற நாள், இல்லாத நாள் என்றெல்லாம் முருகன் பார்க்க மாட்டான்.

பணம் அனுப்ப முடியாத மாதம் அனுப்ப வேண்டாம். ஆத்தாளுக்குப் பென்ஷன் வருகிறது, எனக்கு வட்டி வருகிறது. இதைப் போன தடவையே சொல்ல நினைத்தேன், நீ மீட்டிங் என்று வைத்துவிட்டாய்.

லேப்டாப் விஷயத்துக்கு வருகிறேன். கணக்கில் இருக்கிற பழைய செல், மெயில் எல்லாவற்றையும் ஒரேயடியாக மாற்றிவிடாதே. அப்படி மாற்றினால் 30 நாள் காத்திருக்கச் சொல்லுமாம், படைப்பு வந்துவிடும். இருக்கிற நம்பர் இருக்கட்டும், கூடவே என் நம்பரையும் சேர்த்துவை. 48 இலக்கத்தைத் தாளில் எழுதி இங்கே ஒன்று, அங்கே ஒன்று வைத்துக்கொள்வோம். மறுபடியும் சொல்கிறேன், என் நம்பரையும் சேர்த்துவை.

நீயே அங்கிருந்து பாஸ்வேர்டை மாற்றி எனக்கு மெசேஜில் அனுப்பலாம் என்று கடைப் பையன் சொன்னான். எனக்கு அது சரிப்படாது. பாஸ்வேர்டையெல்லாம் மெசேஜில் போடக் கூடாது. ஓடிபி முறைதான் நல்லது. ஆனால் அது கொஞ்ச நேரம்தான் செல்லும், வந்தவுடன் நீ சொல்ல நான் அடிக்க வேண்டும். அதுவரை நீ போனிலேயே இருக்க வேண்டியிருக்கும். நான் மெதுவாகத்தான் அடிப்பேன்.

ஞாயிறு காலை எட்டு மணிக்கு, உனக்குப் பத்தரை, லேப்டாப்பைத் திறந்து வைத்து உட்கார்ந்திருப்பேன். 17க்கு முன்னால் உள்ள ரெண்டு எண்ணை அப்போது சொன்னால் போதும். முழு நம்பரும் சொன்னால் காலண்டரில் எழுதிக்கொள்கிறேன். அந்த ஞாயிறு முடியாவிட்டால் அடுத்த ஞாயிறு. ஆத்தா சீப்புச் சீடை சுட்டு வைத்திருக்கிறாள், ஊரிலிருந்து யார் வருகிறார்கள் என்று விசாரித்து எழுது.

அப்பச்சி